இன்னும் எத்தனை குதிரைகள்?



சாரல் பருவம் வந்துவிட்டால், தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் செல்லும் அந்த ஐந்தாறு கிலோமீட்டர் சாலையில் மாலை வேளையில் நடப்பதே ஒரு சுகம். மேற்கு மலையில் மேகம் இறங்கும். முகத்தில் பன்னீர் தெளித்தாற்போல் தூறல் விழும். ஆனால் சில ஆண்டுகளாக அந்தச் சுகத்தினிடையே வேறொன்றும் கலந்துவிட்டது. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் எல்லைக்கு அப்பாலிருந்தும் வரும் இளைஞர்களின் கார்கள், சைலென்சரைக் கழற்றி வேறு குழாய் பொருத்தி, வெடி வைத்தாற்போல் முழங்கிச் செல்கின்றன. பேரருவியின் இரைச்சலையும் மீறி அந்த முழக்கம் கேட்கிறது. பார்த்தால் பந்தயக் கார் அன்று. நாலு பேர் உட்கார்ந்து, பின்னால் பெட்டி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகும் சாதாரணக் கார்தான்.

இதை எழுத நேர்ந்தது அந்த ஓசையால் அன்று, ஒரு கடிதத்தால். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய மகன் நெல்லையில் வேலை பார்க்கிறார். 2016ஆம் ஆண்டு மாடல் டிசையர் டீசல் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டுகிறார். ஞாயிறுதோறும் குடும்பத்தை ஏற்றிக்கொள்வார். மாதம் ஒரு முறை மனைவியின் ஊராகிய புனலூருக்கு மலையேறிச் செல்வார். வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்பது அவருடைய குறை. நண்பர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள்: எஞ்சினின் கணினியில் உள்ள கணக்கை மாற்றி எழுதுவது, அதற்கு ‘ரீமேப்’ என்று பெயராம். அதனுடன் புதுக் காற்று வடிகட்டி, அகலமான புகைக்குழாய். எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்.

ஆசிரியர் தொடர்ந்து எழுதுகிறார்: “சம்பாதிக்கிறவன் அவன், தடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சாமி, அந்தப் பணம் அவன் தங்கையின் நர்சிங் படிப்புக்கு விடுதிக் கட்டணம் கட்டவென்று அவனே சீட்டுப் போட்டுச் சேர்த்தது. அடுத்த சீட்டில் எடுத்துத் தருகிறேன் என்கிறான். இந்த வேலை அவ்வளவு பெறுமா பெறாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் வண்டி விஷயம் தெரிந்தவர்கள்.”

வண்டி விஷயம் தெரிந்தவர்கள் என்ற புகழ் நமக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறோம். அது அவ்வளவு பெருமைக்குரிய வரலாறு அன்று. முதலில் இந்த வேலையின் உட்பொருளைப் பார்ப்போம். ஏனெனில், “அதெல்லாம் வீண்” என்று பெரியவர்கள் ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும், “ராக்கெட் மாதிரி போகும்” என்று பட்டறைக்காரர் சொல்வதும் ஒன்றுபோலவே அரைகுறையானவை.

எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை உள்ளிழுத்து வெளிவிடும் ஒரு துருத்தியே. கொல்லன் உலைத்துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ, அவ்வளவுக்குத்தான் எரிபொருளை எரிக்க முடியும். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் சுமார் 10,000 லிட்டர். ஆகவே சக்தியைக் கூட்ட வேண்டுமானால் அதிகக் காற்றை உள்ளே செலுத்த வேண்டும். அதற்கேற்ப எரிபொருளைக் கூட்ட வேண்டும். வேறு மாயம் ஒன்றும் இல்லை.

டர்போ இல்லாத பெட்ரோல் கார்களில், பிஸ்டன் கீழிறங்கும்போது எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுதான். 1,197 கன செ.மீ. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றினால், அதிகபட்சம் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்றையே இழுக்கும். கணினிக் கணக்கை எப்படி மாற்றி எழுதினாலும் அந்தத் துருத்தி பெரிதாகாது. தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்தி, கலவையைச் சற்றுச் செறிவாக்கி, நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்துப் பங்கு சக்தியைப் பிழிந்தெடுக்கலாம். 83 குதிரைச் சக்தியுள்ள வண்டி 88 ஆகும். காரில் இன்னொரு மாமாவை ஏற்றினால் அந்த ஐந்து குதிரையும் அவரைச் சுமப்பதற்கே போய்விடும். ஆகையால், டர்போ இல்லாத பெட்ரோல் கார் வைத்திருப்போர் இந்த ஆசையை இங்கேயே விட்டுவிடலாம் என்று தயக்கமின்றிச் சொல்வோம். புகைக்குழாயை அகலமாக்கினால் ஓசைதான் பெருகும். பெரும்பாலும் குறைந்த வேகத்தில் இருந்த இழுவையும் குன்றும்.

டர்போ உள்ள டீசல் காரின் கதை வேறு. அங்கே புகையின் வேகத்தாலேயே சுழலும் ஒரு சிறு விசிறி காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தித் தள்ள வேண்டும், எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்பனவற்றைக் கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கைத் திருத்தினால் நூற்றுக்கு 20, 25 பங்கு சக்தி கூடுவது உண்மையே. இதில் பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. மகனுடைய ஆசைக்கு அடிப்படையே இல்லை என்று சொன்னால் அது அநீதி.

அப்படியானால் கம்பெனிக்காரர் ஏன் அந்தச் சக்தியைத் தாமே கொடுத்து விற்கவில்லை? கேட்கத் தக்க கேள்வி. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. அந்த டிசையரில் உள்ள 1,248 கன செ.மீ. டீசல் எஞ்சின் இத்தாலியின் பியட் கம்பெனி வடிவமைத்தது. மாருதியும் டாட்டாவும் பியட்டும் அதைப் பல கார்களில் பொருத்தியதால், விளையாட்டாக ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. 2020இல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மாருதி கம்பெனி அதைக் கைவிட்டது. இந்த ஒரே எஞ்சின் டிசையரில் 75 குதிரைச் சக்தியும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தந்தது. அதே எஞ்சின் எர்டிகாவிலும் சியாஸிலும் 90 குதிரைச் சக்தியும் 200 நியூட்டன் மீட்டரும் தந்தது. வெறும் கணக்கை மாற்றி எழுதியா அந்தப் பதினைந்து குதிரைகளைக் கூட்டினார்கள்? இல்லை. டர்போவையே மாற்றினார்கள். டிசையரில் இருந்தது நிலையான வகை. மற்றவற்றில் இருந்தது, வேகத்துக்கேற்பத் தன் இதழ்களைத் திருப்பிக்கொள்ளும் வகை. எஞ்சினைத் தெரிந்தவர்களே, அதற்குரிய பாகத்தை மாற்றிய பிறகே சக்தியைக் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். பாகத்தை மாற்றாமல் கணக்கை மட்டும் மாற்றினால், அதே சிறு விசிறி இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். புகையின் வெப்பம் ஏறும். டீசல் மிகுந்து காற்றுப் போதாவிட்டால் கரும்புகை வரும். அந்த முறுக்கையெல்லாம் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பழைய அளவுக்குச் செய்யப்பட்டதுதானே? முதலில் வழுக்கத் தொடங்குவது அதுவே. ஒன்பது, பத்து ஆண்டு ஓடிய வண்டியின் கிளட்சைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ!

இனி நம் கதைக்கு வருவோம்.

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன், நாம் உதவிப் பங்குக் குருவாக இருந்த ஊரில் ஒரு பழைய அம்பாசடர் கார் இருந்தது. அம்பாசடரைப் பற்றி இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை கட்டிய கார் அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரின் வார்ப்பு. அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் 1,489 கன செ.மீ. கொண்டது, பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். அந்நாளில் டீசல் விலை பெட்ரோல் விலையில் ஏறத்தாழப் பாதி. ஆகவே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனையோ அம்பாசடர்களில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். மாட்டடார் வேனின் எஞ்சின் இதற்குப் பெயர் பெற்றது. டாக்சிக்காரர்கள் அந்த மாற்றத்தினாலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்றால் மிகையாகாது.

நாமும் அதையே செய்யலாம் என்று பங்குப் பேரவையில் எடுத்துச் சொன்னது வேறு யாருமல்லர், நாமேதான். ஒரு பட்டறையில் வேலை நடந்தது. பதிவுப் புத்தகத்திலும் மாற்றத்தைக் குறித்து வாங்கினோம். முதல் மாதம் எரிபொருள் செலவு பாதியானதைக் கண்டு, கணக்குப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து மகிழ்ந்தோம்.

இரண்டாம் மாதம் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் பிய்ந்தன. வண்டி நிற்கும்போது கண்ணாடியெல்லாம் நடுங்கும். உள்ளே உட்கார்ந்தால் பல் ஆடும். புதிய எஞ்சினின் கனம் தாங்காமல் முன்பக்கம் தாழ்ந்தது; ஸ்டியரிங்கைத் திருப்புவது செக்கு இழுப்பதுபோல் ஆயிற்று. அந்த ஊரில் லாரி ஓட்டிய ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “சாமி, கூண்டு வண்டியில யானையைப் பூட்டியிருக்கீங்க. யானை இழுக்கும், சரி. நிறுத்தறது யாரு?” என்று கேட்டார்.

அவர் கேட்டதன் பொருள் நமக்கு ஆரியங்காவு இறக்கத்தில் விளங்கியது. மூன்று கன்னியரையும் ஒரு உபதேசியாரையும் ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மழை. கோட்டைவாசலைத் தாண்டி, புளியரைக்கு மேலே ‘எஸ்’ வளைவு என்று சொல்வார்களே, அங்கே முன்னே ஒரு மரலாரி. பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதித்தாற்போல் உள்ளே போகிறது. எஞ்சினை மாற்றினோமே தவிர, பிரேக்கைத் தொடவில்லை. கியரை இரண்டுக்குத் தள்ளி, கைப் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்ணில் உரசித்தான் வண்டி நின்றது. யாருக்கும் காயமில்லை, உபதேசியாரின் மூக்குக் கண்ணாடி மட்டும் உடைந்தது. கன்னியர் மூவரும் அதன்பின் நம்முடன் காரில் ஏறவே இல்லை, பேருந்திலேயே போனார்கள். இரண்டாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, எரிபொருளில் மிச்சமானதெல்லாம் ரப்பர் கட்டைக்கும் ஸ்பிரிங்குக்கும் பிரேக்குக்கும் போய்விட்டிருந்தது. வண்டி விஷயம் தெரிந்தவர் என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

அந்தக் கம்பெனியே இதே பாடத்தைப் படித்தது என்பதைப் பின்னால் அறிந்தோம். 1984இல் கான்டெஸ்ஸா என்று ஒரு காரை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரின் பெரிய உடல். உள்ளே இருந்ததோ அம்பாசடரின் அதே 1,489 கன செ.மீ. எஞ்சின். பார்வைக்கு ராஜா, ஏற்றத்தில் கிழவர். பிறகு ஜப்பானின் இசுசு கம்பெனியின் 1,817 கன செ.மீ. எஞ்சினைப் பொருத்தினார்கள்; அதனோடு ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்தே வந்தது. எஞ்சின் மட்டும் தனியே வரவில்லை என்பதே இங்கே நாம் அடிக்கோடிட விரும்புவது. சக்தியைக் கூட்டினால் அதைக் கடத்துவதும், தாங்குவதும், நிறுத்துவதும் கூடவே வர வேண்டும்.

எஞ்சினைத் திருத்துவது இழிவான கலை என்று நாம் சொல்ல வரவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. வீட்டுக் கார்களாகிய பியட்டும் அம்பாசடரும் அங்கே திருத்தப்பட்டு ஓடின. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஓடுதளம் அமைந்தது. கோயம்புத்தூரின் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டே ஒற்றை ஆள் பந்தயக் காரை அமைத்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்த பின், செட்டிபாளையத்தில் அமைந்த ஓடுதளம் அவர் பெயரைத் தாங்குகிறது. அதே கோவையின் நாராயண் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். ஆனால் அந்தக் கார்களில் பின் இருக்கையைக் கழற்றிவிடுவார்கள். ஓட்டுபவர் தலைக்கவசம் அணிவார். இரும்புக் கூண்டு பொருத்துவார்கள். எதிரே மரலாரி வராது. பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். பின் இருக்கையில் குழந்தையை உட்கார வைத்துப் புனலூர் போவது வேறு காரியம்.

அந்த மலைப்பாதையைப் பற்றி இன்னும் ஒன்று. 1904 முதல் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில் வண்டி ஏறி வருகிறது. மீட்டர் கேஜ் அகற்றப்பட்டு அகலப்பாதையாகி 2018இல் மீண்டும் முழுமையாகத் திறந்தார்கள். அந்தச் செங்குத்தான ஏற்றத்தில் ரயில்வேக்காரர் எஞ்சினைப் பிழிந்து சக்தி எடுப்பதில்லை. பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அதற்கு இணையான ஒன்று எல்லாக் கார்களிலும் இருக்கிறது. அதன் பெயர் கியர்.

கடிதம் வந்த வாரமே ஆசிரியரின் மகனை அழைத்தோம். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். “வண்டியை எடு தம்பி, புளியரை வரை போய் வருவோம்” என்றோம். செங்கோட்டை தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. ஏற்றம் தொடங்கியதும் அவர் சொன்னது உண்மைதான் என்று புரிந்தது, வண்டி முனகியது. ஆனால் நாம் முன்னே உள்ள முள்ளைப் பார்த்தோம். நான்காம் கியர், எஞ்சின் நிமிடத்திற்கு 1,400 சுற்று. அந்த எஞ்சினின் முழு முறுக்கு விசை 2,000 சுற்றில்தான் கிடைக்கும். அதற்குக் கீழே டர்போ உறங்குகிறது. இந்த எஞ்சினை ஓட்டிய எல்லாரும் அறிந்த குணம் அது.

“மூணாம் கியருக்கு வாங்க” என்றோம்.

“மைலேஜ் குறையும் சாமி” என்றார்.

“ஒரு தடவை போடுங்க.”

போட்டார். முள் 2,000-ஐத் தாண்டியது. வண்டி யாரோ பின்னாலிருந்து தள்ளினாற்போல் ஏறியது. அவர் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சாலையைப் பார்க்கச் சொன்னோம்.

ஆனால் அது முழு விடையன்று. மூன்றாம் கியரிலும் இருக்க வேண்டிய அளவுக்கு விறுவிறுப்பு இல்லை. திரும்பி வந்து, எஞ்சின் மூடியைத் திறந்து, காற்று வடிகட்டியைக் கழற்றச் சொன்னோம். வாங்கிய நாளிலிருந்து அதைத் திறக்கவில்லையாம். வைக்கோலும் செம்மண்ணும் ஒரு பல்லியின் எலும்புக்கூடும் அதற்குள் இருந்தன. பத்தாயிரம் லிட்டர் காற்றுக்கு ஒரு லிட்டர் டீசல் என்று மேலே சொன்னோமல்லவா? அந்தக் காற்று முழுவதும் இந்தக் குப்பையின் வழியாகத்தான் போயாக வேண்டும். அத்துடன், டயர்களில் காற்று அழுத்தம் கதவோரத்தில் எழுதியிருந்த அளவுக்கு வெகுகீழே. கூரைமேல் எப்போதோ மாட்டிய இரும்புத் தட்டு காற்றைக் கிழித்துக்கொண்டு சும்மா வருகிறது. அறுபதாயிரம் கொடுத்து வாங்கப்போகும் சக்தியில் ஒரு பகுதி இந்த வண்டியிலேயே புதைந்து கிடந்தது.

இப்போது மிகவும் முக்கியமான கணக்கு. ஒரு சிறிய கார் சமதளத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்ல எத்தனை குதிரைச் சக்தி வேண்டும்? பத்து, பன்னிரண்டு போதும். மிச்சமெல்லாம் வேகமெடுக்கவும் ஏற்றம் ஏறவும் முந்திச் செல்லவும்தான். முந்திச் செல்லும் நேரம் குறைந்தால் அது பாதுகாப்புத்தானே என்று அந்தத் தம்பி வாதாடினார். வாதத்தில் நியாயம் உண்டு. எதிரே வண்டி வரும் சாலையில் ஒரு நொடியும் பெரியதே. ஆனால் சக்தி கூடிய வண்டியை யாரும் பழைய வேகத்திலேயே ஓட்டுவதில்லை. சாரலில் நனைந்த சாலையில், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஒரு கார் நிற்க, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 35 மீட்டர் தேவைப்பட்டால், 80-இல் 63 மீட்டர் தேவைப்படும். 100-இல் 98 மீட்டர். இதில் கண் பார்த்துக் கால் மிதிக்கும் ஒரு நொடியில் ஓடும் தூரம் சேரவில்லை. 100-இல் அது மட்டுமே 28 மீட்டர். வேகம் ஒரு மடங்கு கூடினால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கில் எஞ்சினுக்கு இடமே இல்லை. டயருக்கும் பிரேக்குக்கும் சாலைக்கும் மட்டுமே இடம். மிச்சமாகும் நேரத்தையும் பாருங்கள். தென்காசியிலிருந்து பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் வழியாக நெல்லைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழி முழுவதும் தடையே இல்லாமல் 60-க்குப் பதில் 80-இல் சென்றாலும் கால்மணி நேரத்துக்குள்தான் மிச்சம். இடையில் ஊர்களும் ஆடுகளும் வேகத்தடைகளும் அதில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் வாசகர் பலர் இதை அறியார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாக்கியது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கணினிக்குள் எழுதியது யார் கண்ணுக்குத் தெரியும் என்று சிலர் சொல்வர். போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விபத்து என்று ஒன்று வந்தபின் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் மதிப்பீட்டாளர் அப்படி விட்டுவிடுவார் என்று எண்ண வேண்டாம். செய்த மாற்றத்தைத் தெரிவிக்காதிருந்தால் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. புதுக் கார் வைத்திருப்போர்க்கு இன்னொன்று: கம்பெனியின் உத்தரவாதமும் எஞ்சின் தொடர்பாகப் பயனற்றுப்போகும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, “அப்ப ஒண்ணுமே செய்யக் கூடாதா சாமி?” என்றார். குரலில் வருத்தம் இருந்தது, நமக்கும் சங்கடமாயிற்று. வண்டியின் மேல் ஆசை வைப்பது குற்றமா என்ன? பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வரும் இளைஞனுக்கு, தன்னுடையது என்று சொல்ல ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த ஆசையைக் கிண்டல் செய்யும் பெரியவர்கள், தம் காலத்தில் சைக்கிளுக்கு டைனமோவும் மினுமினுக்கும் குஞ்சமும் மாட்டியதை மறந்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தோம். காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி. இவை இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய், மிஞ்சினால் ஓரிரண்டாயிரம். பிரேக் எண்ணெய், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி மிதிகட்டை பஞ்சாகிவிடும். ஆரியங்காவில் நமக்கு நேர்ந்ததும் ஒருவேளை அதுவே. இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்று பார்ப்பது. வெடித்திருந்தால் அழுத்திய காற்று வெளியே போய்விடும், இழுவை குன்றும், புகை மிகும். பிறகு டயர். அவருடைய வண்டியின் முன் டயர்களில் பள்ளத்தின் ஆழம் சட்டம் குறிக்கும் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டிருந்தது. சாரல் காலத்தில் அந்த டயரோடு மலையேறுவதைவிட ரீமேப் செய்யாமலிருப்பது பெரிய இழப்பன்று என்று சொன்னோம்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் எழுத வேண்டும். கிளட்ச் புதிதாக, டயரும் பிரேக்கும் செவ்வையாக, கணக்குத் தெரிந்த கைத்தேர்ச்சியுள்ள ஒருவர் அளவோடு திருத்தினால், டர்போ டீசல் வண்டி ஓட்டுவதற்கு இனிமையாகத்தான் இருக்கும். நாமே அப்படி ஒரு வண்டியில் மதுரை வரை சென்றிருக்கிறோம், நன்றாகவே இருந்தது. அதன் சொந்தக்காரர் ஓராண்டில் கிளட்ச் மாற்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாத வருமானத்தில் வீட்டு வாடகையும் தங்கையின் படிப்பும் போக மிஞ்சும் பணத்தில் செய்யத்தக்க வேலை அது அன்று என்பதே நம் கருத்து. சீட்டுப் பணத்தில் செய்யத்தக்கது நிச்சயமாக அன்று.

ஆசிரியருக்கு நாம் எழுதிய பதில் இவ்வளவே. மகனிடம் பணத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது அவர்கள் வீட்டுப் பேச்சு.

சென்ற ஞாயிறு காலை மழைத் தூறலில் அவர்கள் குடும்பம் வந்து இறங்கியது. காரின் கூரைமேல் இருந்த இரும்புத் தட்டைக் காணவில்லை. முன் சக்கரங்களில் புது டயர்கள். பின் சக்கரங்களுக்கு அடுத்த மாதம் என்றார். தங்கைக்கு விடுதிக் கட்டணம் கட்டியாயிற்று என்று தாய் சொன்னார். மகன் நம் அருகே வந்து, தணிந்த குரலில், “சாமி, மூணாம் கியர்ல கோட்டைவாசல் வரைக்கும் ஒரே மூச்சுல ஏறுது. ஆனாலும் அந்த ரீமேப்...” என்று இழுத்தார். கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டோம். பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே குடையை விரித்தார்.